கல்பூதம் விழும் வரை

ஜூன் 4

என் அருமைக் கொழுந்தனாருக்கு, எங்கள் குழுவின் ஒரே டாக்டருக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், கோழி கிளறிவிட்டுப் போன மாதிரி இருக்கும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டு ஓடிப்போன கதை உனக்குத் தெரியாததா?

நீ போனுக்கு வர மாட்டேன் என்கிறாயாம். பேச்சு இன்னும் குழறுகிறது, யார் காதிலும் விழ வேண்டாம் என்கிறாயாம். உன் பெண்டாட்டி சொன்னாள். போன், கம்ப்யூட்டர் எதையும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் வேறு சொல்லிவிட்டாராம். அப்புறம் நான் எப்படித்தான் உன்னை வம்புக்கு இழுப்பது? அதனால்தான் கடிதம். தபால் ஆபீஸில் தபால்தலை கேட்டபோது அங்கே இருந்த பெண், நான் ஏதோ மாட்டு வண்டியில் வந்து இறங்கியவள் மாதிரி பார்த்தாள்.

ஆள் பிழைத்து வந்ததே பெரிது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்று உன் அண்ணன் சொன்னபோது, “அவனுக்கு மூளை இருக்குன்னு இப்பத்தான் நிரூபணமாச்சு” என்றேன். அப்படிச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அது வேறு கதை.

இங்கே எல்லாம் அப்படியேதான். ஓட்டலில் பகல் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறேன். சாயங்காலம் மகள் விட்டுவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன். ஆனால் நாம் ஒன்றாக விளையாடும் அந்த ஆட்டத்துக்குள் போவதில்லை. குழுவில் நாலு பேருக்கு இடம், நாம் இருந்ததே மூன்று பேர். இப்போது அடி வாங்க நான், அம்பு விட நம் தையல்காரி. மருந்து போட ஆளில்லாமல் யார் போவது? பாவம், அவள் எந்த ஊரிலோ திரைச்சீலை தைத்துக்கொண்டு, ஆட்டத்தில் எனக்கிருக்கும் பெயரைச் சொல்லி, “மலை, டாக்டர் எப்படி இருக்கார்?” என்று தினமும் எழுதிக் கேட்கிறாள்.

ஆட்டத்தில் நீ ஆசைப்பட்ட பச்சைக்கல் தடி என் பையில் பத்திரமாக இருக்கிறது. எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்.

உன் அண்ணன், தான் லிப்ட் பழுது பார்க்கப் போகிற இடமெல்லாம், “என் சம்சாரம்தான் என் தம்பி உயிரைக் காப்பாத்தினா” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் வாயை நீயாவது மூடு.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எழுத நேரம் பிடிக்கிறது, மன்னிக்கவும். வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடது கைதான் ஒத்துழைக்கவில்லை. தாளின் மேல் பவுடர் டப்பாவை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

முடி வெட்டுகிறவனுக்குக் கத்தரி பெரிதல்ல, அண்ணி. சீப்பு பிடிக்கும் கைதான் பெரிது. எவ்வளவு வெட்டலாம் என்று சீப்புதான் கத்தரிக்குச் சொல்லும். பயிற்சி கொடுக்க வருகிறவர் தினமும் என் இடது கையில் ஒரு சீப்பை வைத்து விரல்களை மூடிவிடுகிறார். அவர் கையை எடுத்ததும் சீப்பு விழுகிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் கை இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். கடையைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் ஓரகத்தி உங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. நான் விழுந்த அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்து, கீழ்வீட்டுக்காரரோடு கதை பேசிக்கொண்டு நின்றாளாம். நீங்கள் போன் செய்து, “உன் வீட்டுக்காரன் ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு டீக்குப் போயிட்டான், காதைப் பிடிச்சு இழுத்துட்டு வா” என்று சிரித்தீர்களாம். “ஏதோ சரியில்லேன்னு அக்காவுக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நான் படியில பதறி விழுந்துடக் கூடாதேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். உங்களுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கி அனுப்பியிருக்கிறாள். வந்து சேர்ந்ததா?

பச்சைக்கல் தடியைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி. ஒரு சந்தேகம். கல்பூதம் விழுந்தால்தானே அந்தத் தடி கிடைக்கும்? நான் பேச்சுமூச்சில்லாமல் போனதும் நீங்கள் போன் செய்தீர்கள் என்றால், பூதத்தை எப்போது வீழ்த்தினீர்கள்?

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.


ஜூன் 21

கொழுந்தனாருக்கு,

அடேயப்பா, படுத்துக்கொண்டே போலீஸ் வேலை பார்க்கிறாயா? கை விழுந்தாலும் உன் வாய் விழவில்லை, சந்தோஷம்.

பூதம் எப்போது விழுந்தது என்று நான் என்ன கடிகாரத்தையா கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்? நாம் ஏற்கனவே அடித்த அடியில் அது அரை உயிராக இருந்தது. தையல்காரி ஏதோ ரெண்டு அம்பு விட்டாள், அதுவாகவே விழுந்துவிட்டது. பெட்டி திறந்தது, தடி வந்தது. விட்டுவிட்டு வர மனசில்லாமல் எடுத்துப் பையில் போட்டேன். அவ்வளவுதான். இதற்கெல்லாமா மண்டையைக் குழப்பிக்கொள்வது? உன் மண்டை ஏற்கனவே ஒரு தடவை பழுதாகி வந்திருக்கிறது.

சால்வை வந்தது. நல்ல கனம், நல்ல சிவப்பு. இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. வெயில் காலம் பார், அதனால்.

நேற்று ஓட்டலில் ஒரு விரிப்பைப் பொசுக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயம். சூப்பர்வைசர் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, “கனவு கண்டுக்கிட்டு நின்னீங்களா?” என்றாள். “ஆமாம்மா, ஒரு ராஜகுமாரன் வந்தான், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் ஓடிட்டான்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். விரிப்பின் நடுவில் பழுப்பாக ஒரு தழும்பு. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

உன் பெண்டாட்டியிடம் சொல், என்னை ரொம்பப் புகழ வேண்டாம் என்று. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன், விளையாட்டுக்கு இல்லை.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தபோது, ஹெட்போன் காதை விட்டு விலகவில்லை.


ஜூலை 6

தம்பி,

உன் கடிதத்தை ஓட்டல் வாசலில் நின்று படித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போக வேண்டும் என்றே தோன்றவில்லை.

சரி, எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் என் கையால் எழுத வேண்டும்.

கை மரத்துப்போனது என்கிற வேடிக்கையைத் தொடங்கி வைத்ததே நான்தான். கேடயத்தைத் தூக்க மறந்து அடி வாங்கும்போதெல்லாம், “ஐயோ டாக்டரே, கை மரத்துப் போச்சு, ஊசி போடுங்க” என்று கத்துவேன். நீ, “ஊசி இல்லை, கடப்பாரை இருக்கு, போடவா?” என்பாய். தையல்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆட்டத்துக்கு ஆட்டம் அதே கூத்து. நம் மூன்று பேருக்கும் அது சிரிப்பு மூட்டும் சாவி மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குக் கல்பூதம் சாகக் கிடந்தது. உன் மருந்து வருவது நின்றது. அப்புறம் உன் குரல்.

“அண்ணி, கை மழத்துப் போச்சு.”

அப்படித்தான் சொன்னாய். ‘மரத்து’ என்று வரவில்லை. நான் சிரித்தேன். அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன், அடுத்த அறையிலிருந்து உன் அண்ணன், “என்னடி?” என்று கேட்டார். “அடப்பாவி, என் வசனத்தையே திருடுறியா?” என்றேன்.

தையல்காரிதான் சொன்னாள், “மலை, அவர் குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“நடிக்கிறாம்மா. இவங்க குடும்பமே நாடகக் கம்பெனி. என் வீட்டுக்காரரை நீ பார்க்கணுமே.”

அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அதற்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “நாற்காலி உடைஞ்சுடுச்சு. நேத்தே சொன்னேன், உடம்பைக் குறைடான்னு” என்றேன். நீ பதில் பேசவில்லை. டீ குடிக்கப் போய்விட்டாய் என்று நானே முடிவு கட்டினேன். ஆட்டத்தில் உன் பொம்மை கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. பூதம் அதன் மேல் கல்லை எறிந்தது. நான் ஓடிப்போய் அதற்கு முன்னால் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நகரவே இல்லை. என் உயிரில் பாதி போனது, அப்போதும் நகரவில்லை. தையல்காரி அம்பு விட்டு விட்டு அது விழுகிற வரைக்கும் நின்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. கொழுந்தன் திரும்பி வந்து பார்க்கட்டும், அண்ணி எப்படிக் காப்பாற்றினாள் என்று.

பொம்மையைக் காப்பாற்றினேன். நீ தரையில் கிடந்தாய்.

பூதம் விழுந்து, பெட்டி திறந்து, எது யாருக்கு என்று பிரித்து முடித்த பிறகுதான் உன் பெண்டாட்டிக்குப் போன் செய்தேன். உனக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று சந்தேகம் வந்து இல்லை. தடி கிடைத்ததைச் சொல்லி உன்னை வெறுப்பேற்றத்தான். நீ மட்டும் தடிக்கு ஆசைப்படாமல் இருந்திருந்தால், நான் அந்தப் போனைக்கூடச் செய்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் உன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க இல்லேன்னா…” என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இந்த வாய் இருக்கிறதே, வேண்டாத நேரத்தில் எல்லாம் திறக்கும். அன்றைக்கு மூடிக்கொண்டது.

நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். திட்டாமல் மட்டும் இருக்காதே.


ஜூலை 19

அண்ணிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கை காரணமில்லை. கோபம்தான் காரணம்.

நீங்கள் சிரித்ததற்கு எனக்குக் கோபமில்லை. அந்தச் சிரிப்பு தெரியாமல் வந்தது. ஆனால் அதற்கு முந்தின கடிதத்தில், “அதுவாகவே விழுந்துவிட்டது” என்று எழுதினீர்களே, அது தெரிந்து எழுதியது. தரையில் ஒரு கன்னத்தை வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் கேட்டவன் நான். “டாக்டர் மேல ஒரு கல்லு படக் கூடாது, நான் நிக்கிறேன்” என்று நீங்கள் கத்தியதும் கேட்டது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. முகத்தில் ஒரு பாதிதான் இரண்டுக்கும் அசைந்தது. கட்டிலுக்கு அடியில் உங்கள் ஓரகத்தியின் செருப்பு ஒன்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அண்ணி, போதும், பூதத்தை விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல நினைத்தேன். வாயில் எச்சில்தான் வந்தது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். நானும் சும்மா இல்லை.

அன்று காலையிலிருந்தே கை சரியில்லை. கடையில் ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தபோது சீப்பு நழுவி அவர் மடியில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. “என்னப்பா, தூக்கமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கூட்டாளி, “டாக்டர்கிட்டப் போய்க் காட்டிட்டு வாயேன்” என்றார். தலையை ஆட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கல்பூதத்தின் குகை அன்று சாயங்காலத்தோடு மூடிவிடும், மறுபடி எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. பச்சைக்கல் தடிக்காக நான் எவ்வளவு நாள் அலைந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கொட்டாவி விட்டுக்கொண்டே கையை உதறி உதறி விளையாடினேன்.

இதை என் பெண்டாட்டியிடம் நான் சொல்லவில்லை. “திடீர்னு வந்துடுச்சு, யாருக்கும் தெரியாம வந்துடுச்சு” என்று அவள் அழும்போது, ஆமாம் ஆமாம் என்று தலையசைக்கிறேன். உங்களைப் புகழும்போதும் பேசாமல் இருக்கிறேன். உங்கள் பொய் வெளியே வந்தால், காலையிலிருந்து என்ன நடந்தது என்று அவள் தோண்டுவாள். உங்களைக் காப்பாற்றி என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன். இதுவும் கேடயம்தான்.

அண்ணி, அவள் தினமும் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுகிறாள். இதற்கு மேல் என்னால் அந்தக் கையை அவளிடம் நீட்ட முடியவில்லை. என் பாதியை நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாதியை நீங்கள் வந்து சொல்லுங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் வாருங்கள்.


ஆகஸ்ட் 3

தம்பி,

வந்துவிட்டுப் போனேன், உனக்குத் தெரியும். ஆனால் மொட்டை மாடியில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அவளும் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

நீ உன் பாதியை முந்தின நாளே சொல்லிவிட்டாய் என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கண் வீங்கியிருந்தது. ஆனாலும் என்னை, “வாங்கக்கா” என்றாள். “காய்ஞ்ச துணி எடுக்கணும், கொஞ்சம் வர்றீங்களா?” என்று மாடிக்குக் கூட்டிப் போனாள். உன் மேல் இருந்த கோபத்தை என்னிடம் சொல்லி ஆறுதல் தேடத்தான் கூப்பிட்டிருக்கிறாள். பாவி நான், அந்த ஆறுதலையும் பிடுங்கத்தான் போயிருந்தேன்.

பெரிய விரிப்பு ஒன்றை எடுத்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உதறினோம், நீளவாக்கில் மடித்தோம். அடுத்து இரண்டு பேரும் நடந்து வந்து நடுவில் சேர வேண்டும், அவள் முனையை என் கையில் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் நான் சொல்ல ஆரம்பித்தேன். நீ சொன்ன வார்த்தை, நான் சிரித்தது, தையல்காரி கேட்டது, தொப்பென்று விழுந்த சத்தம், தடி, எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

அவள் அங்கேயே நின்றாள். கிட்டே வரவில்லை.

“அவர் சொன்னாராக்கா? கை மரத்துப் போச்சுன்னு வாயைத் திறந்து சொன்னாரா?”

“சொன்னான்.”

“நீங்க சிரிச்சீங்க.”

“சிரிச்சேன்.”

முனையைக் கீழே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். விரிப்பின் பாதி தரையில் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டி நான் ஒருத்தியே மடித்தேன். தனியாக மடிப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அன்றாடம் அதுதானே பிழைப்பு. அன்று எப்படி மடித்தாலும் கோணலாகவே வந்தது.

கிளம்பும்போது சால்வையைத் திருப்பி நீட்டினேன். வாங்கவில்லை. “வச்சுக்கங்க. குளிருக்குப் போத்திக்கக் கொடுத்தது” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் வரவும் இல்லை. நீ ஒரு காலை இழுத்துக்கொண்டு படி வரைக்கும் வந்தாயே, அது போதும் எனக்கு.

உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். இப்போது லிப்ட் பழுது பார்க்கப் போகிற இடத்தில் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும், “பரவாயில்லை” என்பதோடு நிறுத்திக்கொள்கிறாராம்.

ஆட்டத்தை அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். தடியை மட்டும் உன் பெயருக்கு மாற்றிவிட்டு அழிக்கிறேன். அது எப்படி என்று தெரியவில்லை. தையல்காரியைக் கேட்டால் அழுகிறாள்.

அண்ணி


ஆகஸ்ட் 25

அண்ணிக்கு,

அழிக்காதீர்கள். கடிதம் தாமதமாகப் போய், நீங்கள் அவசரப்பட்டு அழித்துத் தொலைத்திருக்கக் கூடாதே என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு அவள் என்னோடும் பேசவில்லை. சாப்பாடு வரும், மாத்திரை வரும், பேச்சு வராது. விரல்களை நீவிவிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அழுத்தித்தான் நீவினாள். வலித்தது. சொல்லவில்லை நான்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், துணி போட்டு மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். விற்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

“இதுல உங்க குழுவுல நாலு பேருக்கு இடம்னு சொன்னீங்கல்ல? நாலாவது ஆள் யாரு?”

“யாரும் இல்லை” என்றேன். என் பேச்சு இப்போது ஓரளவு புரிகிறது.

“எப்படி உள்ள போறதுன்னு சொல்லுங்க.”

நான் திரையைப் பார்க்கக் கூடாது. அதனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு சொல்லிக்கொடுக்கிறேன். அவள் என்ன நடக்கிறது என்று சொல்வாள், நான் எந்தப் பொத்தான் என்று சொல்வேன். “சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேன்.” “திரும்பு.” “திரும்பினேன். இன்னொரு சுவரு.” அவள் திட்டுகிற திட்டில் அந்தச் சுவருக்கு உயிர் இருந்தால் அழுதிருக்கும். நேற்று சிரித்துவிட்டேன். வாய் ஒரு பக்கம் கோணினாலும் சிரிப்புதான். அவளும் சிரித்தாள். உடனே நிறுத்திவிட்டு, “கை எப்படி இருக்கு?” என்று கேட்டாள். சீப்பை எடுத்துப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றது, பிறகுதான் விழுந்தது.

உங்களை மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். நான் அவளைக் கேட்கவில்லை. என்னை மன்னித்தாளா என்றும் கேட்கவில்லை. உங்கள் பெயரை இன்னும் எடுப்பதில்லை. “அந்த மலை” என்கிறாள்.

ஆட்டத்தில் எந்த ஆயுதம் வேண்டும் என்று கேட்டது. “ஒண்ணும் வேணாம். ஹெட்போன் இருக்குல்ல, அது போதும்” என்றாள். ஆயுதமில்லாமல் உள்ளே போய் என்ன செய்யப்போகிறாய் என்றேன்.

“விளையாட வரலை. கேக்க வர்றேன். அக்கா சிரிக்கறப்ப, சிரிக்காத ஆள் ஒருத்தி அங்க வேணும்.”

அக்கா என்றுதான் சொன்னாள். சொன்னதை அவளே கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருவாள். நடக்கவே தெரியாது, எல்லாக் கல்லும் அவள் மேல்தான் விழும். கேடயத்தோடு வந்து முன்னால் நில்லுங்கள்.